வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள்

1

இந்த ஊரில் என் பிழைப்பு, சுவரில் கம்பி மாட்டுவது. டிப்ளமோ படித்துவிட்டு நியூசிலாந்து வரைக்கும் போனவன் கம்பியா மாட்டுகிறான் என்று பெரியகுளத்தில் ஒருத்தர் முகத்துக்கு நேராகவே கேட்டார். ஆமாம் ஐயா, கம்பிதான். கை கால் சரியாக இல்லாதவர்கள், வாதம் வந்து விழுந்தவர்கள் வீடுகளில் கழிப்பறையிலும் குளியலறையிலும் பிடித்து எழுந்திருக்கக் கம்பி மாட்டுவேன். வாசலில் படி இருந்தால் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி மரப்பலகையில் சாய்தளம் அடிப்பேன். செலவு அரசாங்கத்தினுடையது. ஆக்லாந்தின் தெற்குப் பக்கத்தில் எத்தனையோ கழிப்பறைகளில் நான் மாட்டிய கம்பியைப் பிடித்துத்தான் காலையில் எழுந்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். நம் ஆட்கள், தமிழ்நாட்டுக்காரர்கள். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். இருபது வயதுப் பையன் ஒருவன் சக்கர நாற்காலியில் இருந்தான். பேச்சு குழறும், ஆனால் காது கொடுத்துக் கேட்டால் புரியும். அவனைக் கேட்டுக் கேட்டுக் குளியலறையில் இரண்டு கம்பிகளை மாட்டி முடித்தேன். சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, இன்னொரு சின்ன வேலை இருக்கு. இவன் ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தர்றீங்களா? ஞாயித்துக்கிழமை பெரியவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. ரெண்டு மணி நேரம்தான்.”

பையன் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கம்பெனியில அனுமதி இல்லைங்கம்மா” என்றேன்.

“நம்ம ஆளாச்சேன்னு கேட்டேன்” என்றார் அந்த அம்மா. முகம் சுண்டிப்போனது. காபியைக் குடிக்காமல் வந்து வண்டியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில் இந்த மாதிரி வீடுகளைக் கவனிக்கிற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் போய் அந்தக் குடும்பத்தோடும் பையனோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அது என் கடமை, செய்தேன். ஆனால் அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அந்த ரெண்டு மணி நேரம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். அதற்குப் பயந்துகொண்டு கம்பெனி மேல் பழியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அங்கே வாய் வராததை இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

2

எனக்கு ஒரு அக்கா. பேச்சியம்மாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு, இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் விளங்காமல் போயின. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் ஜெயமங்கலம் எங்கள் ஊர். நான் பாலிடெக்னிக் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். வீட்டின் பின்பக்கம் மாட்டுக் கொட்டத்தை ஒட்டி ஓர் அறை. அக்கா அதில்தான் இருந்தாள். உட்கார்ந்தபடி கையை ஊன்றி ஊன்றி நகர்வாள்.

அவளை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. இதையே பெரிய தர்மம் மாதிரி நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. என் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு, என்னிடம் எழுத்துக் கேட்டு, அவளாகவே படித்தாள். கடையில் சாமான் கட்டிவருகிற காகிதத்தைக்கூட விரித்துப் படிக்காமல் விடமாட்டாள். திருவிழாவுக்குக் கூட்டிப்போனதில்லை. ஒரு போட்டோ எடுத்ததில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் பின்கதவைச் சாத்துவோம். சாத்து என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கை தானாகப் போகும். ஊருக்குள் நொண்டிப் பேச்சி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊர் எல்லையைத் தாண்டினால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது.

1997இல் எனக்குப் பெண் பார்த்தார்கள். பழனிசெட்டிபட்டிப் பெண், பெயர் ராணி. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். வந்தாலும் பேச்சு முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதைக் கை நனைப்பது என்போம். தரகர் எங்களைக் கேட்காமலே, ஒரே பையன், கூடப் பிறந்தவர்கள் இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார். நாங்களும் மறுக்கவில்லை. குடும்பத்தில் குறை இருக்கிறது, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று பேசுவார்கள் என்ற பயம்.

அவர்கள் வருகிற அன்றைக்கு அக்காவைத் தோப்பு மோட்டார் ரூமில் விட்டுவிடலாம் என்று சொன்னது அம்மா இல்லை. நான். பின்கதவைச் சாத்தினால் போதும் என்றுதான் அம்மா சொன்னாள். வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், இருமினால் கேட்கும் என்று நான்தான் சொன்னேன். விடியும்போது மாட்டு வண்டியில் வைக்கோல் விரித்து, அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு, ஒரு செம்பு தண்ணீர். “மதியத்துக்குள்ள வந்துருவேன்க்கா” என்றேன். நாய் கீய் நுழைந்துவிடும் என்று கதவை இழுத்து வெளியே கொண்டி போட்டேன். நாய்க்குப் பயந்து போட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. “நாள் கடத்த வேணாம். இன்னைக்கே பேசி முடிச்சுருவோம். கை நனைச்சுட்டே போறோம்” என்றார். அவ்வளவுதான், வீடே அமளிதுமளிப்பட்டது. சேவலைப் பிடி, இலை அறு, பக்கத்து வீட்டு அண்டாவை வாங்கு. மதியம் தாண்டியது. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

“ஏய்யா, தோப்புல மோட்டார நிப்பாட்டணும்ல? காலையில போட்டது.”

எனக்குப் புரிந்தது. பெண்ணின் அப்பா முந்திக்கொண்டு, “கரண்டு போனாத் தன்னால நின்டுட்டுப் போகுது, விடுங்கம்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மணிக்கு அம்மா மறுபடி வந்தாள். “மோட்டாரு காஞ்சு போகும்யா” என்றாள்.

“கெடக்கட்டும்மா. அப்பறமாப் பாத்துக்கிறலாம்” என்றேன்.

மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் ஞாபகம் இருந்தது. பாதியில் எழுந்துபோனால் எங்கே போகிறாய் என்று கேட்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன். இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் போனேன். கொண்டியை எடுத்தபோது கதவு திறக்கவில்லை. அக்கா நகர்ந்து வந்து கதவின்மேல் சாய்ந்திருந்தாள். செம்பு கவிழ்ந்து கிடந்தது. சேலையெல்லாம் நனைந்து, நாற்றம். அவள் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், குரல் கட்டியிருந்தது. திட்டுவாள் என்று நின்றேன்.

“கை நனைச்சாகளா?” என்று கேட்டாள்.

“ம்.”

“அப்பச் சரி. போயி ஆத்தாளக் கூப்புடு. ஒரு வாளி தண்ணியும் வேணும். நீ அங்கிட்டுப் போயிரு.”

3

கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயர் இல்லை. மண்டபத்துக்கும் கூட்டிப்போகவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் ராணி கொல்லைப்பக்கம் போனவள், பின் அறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே இருந்து அக்கா, “வா தாயி, ஒன்னத்தான் பாக்கணும்னு இருந்தேன்” என்று சொன்னது எனக்குக் கூடத்தில் கேட்டது.

அன்றைக்கு ராணி என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். “சொல்லியிருந்தா எங்கப்பா வேணாம்னுதான் சொல்லியிருப்பாக. நான் இல்லேங்கல. ஆனா நீங்க ஒரு வார்த்த சொல்லி, நான் வேணாம்னு சொன்னேனா? சட்டி பானையக் கழுவிக் கவுத்துன மாதிரி ஒரு மனுசிய ஒளிச்சு வச்சிருக்கீங்களே!” இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அக்காவோடு பேசினாள். அந்த வீட்டில் அக்காவின் அறையில் போய் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் ஆள் ராணிதான்.

2001இல் இங்கே வரக் காகிதம் போட்டோம். ஒரு பாரத்தில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். கூடப் பிறந்தவர்கள் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். அக்காவை எழுதினால் மருத்துவப் பரிசோதனையில் நோண்டுவார்கள், பரம்பரை நோயா என்று கேட்பார்கள் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டியிருந்தேன். அப்படி யாரும் கேட்க மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயது. இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு ராணி எட்டிப் பார்த்தாள்.

“அக்கா பேரு எங்க?”

“அது தேவையில்ல.”

“யாருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கோட்டின்மேல் என் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன்.

4

வந்த புதிதில் பெட்ரோல் பங்கில் நின்றேன். பிறகுதான் இந்தக் கம்பி வேலை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் சமோவாக்காரர், ஆள் ஆறரை அடி. முதல் நாள் ஒரு வீட்டில் நான் அந்த வீட்டுக்காரம்மாவிடம், “இவருக்கு எந்தக் கை நன்றாக வேலை செய்யும்?” என்று கேட்டேன். ‘இவர்’ சக்கர நாற்காலியில் என் முன்னால்தான் இருந்தார். மேஸ்திரி என்னை வெளியே கூட்டிவந்து, “அவருக்கு வாய் இல்லையா? அவரிடம் கேள். கேட்காமல் சுவரில் ஓட்டை போட்டாய் என்றால் உன் மண்டையில் போடுவேன்” என்றார். என் அரைகுறை ஆங்கிலத்துக்கு அது நன்றாகவே புரிந்தது.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர்கள் கண்ணுக்கு நேராக, எந்தக் கை உங்களுக்கு வாகு என்று கேட்பேன். எழுந்து காட்டச் சொல்வேன். எங்கே பிடிக்கக் கை தேடுகிறது என்று பார்த்து, சுவரில் பென்சிலால் குறிப்பேன். பிறகுதான் அளவு நாடா, டிரில்லிங் மெஷின் எல்லாம். இதற்காகக் கம்பெனியில் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

2004இல் ஊருக்குப் போனபோது, பணம் அனுப்பிக் கட்டச் சொல்லியிருந்த கழிப்பறை தயாராக இருந்தது. மேல்நாட்டுப் பீங்கான் இருக்கை. தேனியில் போய் இரும்புக் குழாய் வாங்கி, வளைத்து, ராவி, வழவழவென்று பெயிண்ட் அடித்து நானே மாட்டினேன். ஊரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரன் வேலையல்லவா என்றார்கள். அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்தபடி, “அம்சமா இருக்குடா பாண்டி” என்றாள்.

அவளிடம் எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. வலது கையால் சாப்பிடுகிறாள், வலது பக்கம் மாட்டினேன். கூடப் பிறந்தவளாயிற்றே, எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

5

2008இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு நான் மட்டும் போனேன், பத்து நாள் லீவு. பக்கத்து வீட்டுச் செல்வி, அக்கா வயதுக்காரிதான், இரண்டு வேளை சோறு பொங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கிளம்பும்போது அக்கா, “நீ வெரசாப் போ, பிளேன விட்டுறாத” என்று என்னைத் தேற்றி அனுப்பினாள்.

ஆனால் அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. போன் அடித்தாலே பயம். செல்விக்கு மருமகள் வந்தாள், பேரன் பிறந்தான், அவள் எத்தனை நாளைக்குப் பார்ப்பாள்? சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடு. ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் ஓர் இல்லம் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிக் கேட்டேன். பாரம் அனுப்பினார்கள். இரண்டு நிபந்தனைகள். ஊனமுற்றோர் அடையாள அட்டை இருக்க வேண்டும். ஆதரவற்றவராக இருக்க வேண்டும்.

அக்காவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமோவாக்காரர் அன்றைக்குச் சொன்னது இன்னும் என் மண்டைக்குள்தான் நிற்கிறது, ஆனாலும் கேட்கவில்லை. ஆக்லாந்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் பாரத்தைத் தமிழில் நிரப்பினேன். ‘நெருங்கிய உறவினர்’ என்று ஓர் இடம் வந்தது. அதில் ‘உறவினர் எவரும் இல்லை’ என்று எழுதினேன்.

ராணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “ரெண்டாவது தடவ” என்றாள். அவளுக்கு லீவு கிடைக்காததால் 2009 டிசம்பரில், பள்ளி விடுமுறையில், யாழினியும் நானும் மட்டும் கிளம்பினோம். பாரம் என் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் இருந்தது. முதலில் ஊனமுற்றோருக்கு அரசாங்கம் நடத்துகிற முகாமுக்குக் கூட்டிப்போய் அட்டை வாங்குவது, பிறகு பக்குவமாகப் பேசிக் கையெழுத்து வாங்குவது. இதுதான் என் திட்டம்.

6

யாழினிக்குப் பத்து வயது. தமிழ் கேட்டால் புரியும். பேசினால் டிவியில் வருகிற தமிழும் பள்ளி ஆங்கிலமும் கலந்து வரும். எழுதவும் படிக்கவும் தெரியாது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகச் சொன்னால், எதற்கு என்று கேட்பாள். அத்தையிடம் ஒட்டுவாளா என்று எனக்குச் சந்தேகம்தான். ஊருக்குப் போன மறுநாளே அவள் அக்காவின் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கதை கேட்டாள்.

அக்காவுக்கு ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது. அத்தை என்று கூப்பிட ஒரு குரல். “ஏத்தா, ஒனக்கு அ, ஆ தெரியாதாமே? வெள்ளக்காரன் ஊருல பேரு கூட எழுத மாட்டியாமே?” என்று வம்புக்கு இழுத்து, மூன்று வாரத்தில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். சிலேட்டில் ஆரம்பித்து, மளிகை கட்டின காகிதம், பஸ் டிக்கெட், ரேஷன் கார்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்தாள். நான் தலைகீழாக நின்றும் நடக்காதது அங்கே நடந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் காலையில் யாழினி பின்பக்கமிருந்து ஓடிவந்தாள். “அப்பா, அத்தை டாய்லெட்ல நீங்க மாட்டின ரெயில்ல துண்டு காயுது. அவங்க அதைப் பிடிக்கவே இல்ல. தரையிலேர்ந்து கஷ்டப்பட்டு ஏறுறாங்க.”

போனேன். அக்கா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பள்ளி இல்லாத நாட்களில் என்னோடு வேலைக்கு வந்து பார்த்திருக்கிறாள்.

“அத்தை, உங்களுக்கு எந்தக் கை வாகு?”

அக்கா இடது கையைத் தூக்கிக் காட்டினாள். “எடது கைதான்த்தா. வலதுல சோறு திங்கலாம், எழுதலாம். தோளுல தெம்பு இல்ல. காய்ச்ச வந்தப்பவே போயிருச்சு. ஊண்டுறதெல்லாம் எடதுலதான்.”

நாற்பது வருடமாக அவள் இடது கையை ஊன்றித்தான் நகர்ந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. நான் மாட்டிய கம்பியில் ஐந்து வருடமாகத் துண்டு காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

“ஏன்க்கா அப்பவே சொல்லல?”

“அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து, வேர்க்க விறுவிறுக்க மாட்டுற. ஊரே வந்து மெச்சுது. நான் எப்புடிச் சொல்றது? நீ கேக்கவும் இல்ல.”

அன்றைக்கே குழாயைக் கழற்றி இடது பக்கம் மாற்றினேன். அக்கா சொன்ன இடத்தில், அவள் சொன்ன உயரத்தில் யாழினி பென்சிலால் குறித்தாள். மாலையில் அக்கா அதைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டு உள்ளேயிருந்து, “இது நெசமாவே அம்சமா இருக்கு!” என்று கத்தினாள். யாழினி கை தட்டினாள். நான் கொட்டத்துப் பக்கம் போய் முகத்தைக் கழுவினேன்.

இத்தனைக்குப் பிறகு அந்தப் பாரத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிழிக்கவில்லை. கம்பி வேறு, சோறு வேறு, நான் போன பிறகு யார் பார்ப்பது என்று மனசு பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. பெட்டியின் அடியில் பாரம் அப்படியே இருந்தது.

7

முகாம் பெரியகுளத்தில். அட்டைக்கு ஒட்ட நான்கு போட்டோ வேண்டும் என்பதால் முதல்நாளே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போயிருந்தேன். நாற்பத்து மூன்று வயதில் அவளுடைய முதல் போட்டோ. “கூட ஒண்ணு போடச் சொல்லு, ராணிக்குக் குடுக்கணும்” என்றாள்.

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். பந்தலில் ஊன்றுகோலும் மூன்று சக்கர வண்டியுமாகக் கூட்டம். தாய்மார்கள் பெரிய பெரிய பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இத்தனை பேரும் இத்தனை நாள் எந்தப் பின்கட்டில் இருந்தார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அக்கா கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ பக்கத்தில் இருந்த கம்பத்துப் பெண்ணோடு பேச்சுக் கொடுத்து, அவள் தையல் மெஷினைக் கையாலேயே சுற்றித் தைக்கிறாள் என்பதுவரை விசாரித்துவிட்டாள்.

எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என்னைப் பார்த்து, “இவங்களுக்கு என்ன வயசு? எப்பருந்து இப்படி?” என்றார்.

நிமிர்ந்து நின்றேன். “அவுககிட்டயே கேளுங்க சார். அவுகளே சொல்லுவாக” என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு என்மேல் பெரிய மரியாதை வந்தது. ஃபிரேம் போட்ட சான்றிதழுக்கு இதோ நியாயம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எழுத்தர் அக்கா பக்கம் திரும்பினார். வயது, காய்ச்சல் வந்த கதை, படிப்பு எல்லாவற்றையும் கேட்டார். அவள் தெளிவாகச் சொன்னாள். பிறகு அவர், “பாதுகாவலர் பேரு? கூட வந்திருக்காரே, இவரு யாரும்மா?” என்று கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கடையில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“தெரிஞ்சவுக” என்றாள். “தொணைக்கு வந்தாக.”

“பாதுகாவலர்?”

“அத எழுதாம விட்டுருங்க சார்.”

எழுத்தர் அந்த இடத்தைத் தாண்டி அடுத்ததை எழுத ஆரம்பித்தார். நான் தம்பி, கூடப் பிறந்த தம்பி என்று சொல்ல வேண்டியதுதானே? எந்த முகத்தோடு சொல்வது? யாழினி என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திரும்பி வருகையில் ஆட்டோ மூன்றாந்தல் முக்கைத் தாண்டியது. யாழினி அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

“வலிச்சுச்சா?” என்று அக்கா கேட்டாள்.

“ஆமாக்கா.”

“போன வாரம் ஒம் மக ஒம் பொட்டியிலருந்து ஒரு தாள எடுத்தாந்தா. வாசிச்சுப் பழகுறதுக்கு” என்றாள். பிள்ளை விழித்துவிடாமல் மெதுவாகப் பேசினாள். “நான்தான் வாசி வாசின்னு கிடக்குறத எல்லாம் குடுக்குறேன்ல, அதான். ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ‘உறவினர் எவரும் இல்லை’ன்னு எழுத்துக் கூட்டி வாசிச்சா. உறவினர்ங்கறது அவளுக்கு நாக்குல வரல. நாலு தடவ திரும்ப வாசிக்கச் சொன்னேன். நாலாவது தடவ சரியா வாசிச்சுட்டா.”

ஆட்டோக்காரர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதேன்.

“போதும்டா, புள்ள முழிச்சுக்கிறும். நான் எங்கிட்டும் போகல. செல்விக்கு முடியலைன்னா வேற ஒரு ஆளச் சம்பளத்துக்குப் போடு. வாசல்ல எறங்க ஒரு சரிவு கட்டிக் குடு, ஒரு வண்டி வாங்கிக் குடு. நானே கடைக்குப் போயி, எனக்கு என்ன வேணும்னு நானே கேட்டு வாங்கிக்கிறுவேன். இம்புட்டுத்தான். இத நீ என்னையக் கேட்டுருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

முன்வாசலில் சரிவு கட்டினோம். சமோவாக்காரர் கணக்குப்படி, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். தெருவில் அரைவாசி தூரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார், அக்காவே பேசிச் சமாளித்தாள். வண்டியும் வந்தது. இப்போது செல்வியோடு இன்னொரு அம்மாவும் வருகிறார். பாரம் குப்பைக்குப் போயிற்று.

அட்டை தபாலில் வந்து மாதங்கள் ஆகின்றன. அதில் பாதுகாவலர் என்ற இடம் வெறுமையாகவே இருக்கிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அக்கா, அதுல என் பேர எழுதிக் கேட்டு மனுக் குடுக்கவா?”

தெருவில் போகிற யாருக்கோ ‘வாரேன், வாரேன்’ என்று பதில் சொன்னாள்.

“பாப்போம்டா. அதுக்கு என்ன அவசரம்?” என்றாள். “போன யாழினிகிட்டக் குடு.”